மை காயாத பழைய பிரதி

மதியம் மூன்று மணிக்கு அந்தப் பதிப்பகத்தின் மரப்படியில் ஏறும்போது வாசிப்பக்காவுக்கு மூச்சு வாங்கியது. வயதால் அல்ல, ஆத்திரத்தால். கைப்பையில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. காலையில் நடைபாதைக் கடையில் வாங்கியது. அட்டை மடங்கி, முதுகு வெடித்த மலிவுப் பதிப்பு.

இங்கே வேலை பார்த்த பதினாறு வருடத்தில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் வாசிப்பக்கா. மூலப்படியைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட அவள் உரக்க வாசிப்பாள். எதிரே அவள் தம்பி அச்சுத்தாளை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் பிழை திருத்துவான். அதே தம்பி வீட்டில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினான். அமைச்சரின் பல்செட்டுக்குள் ரகசிய ஒப்பந்தம், பல்செட்டைக் காணோம், மந்திரிசபையே ஒரு பகல் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது. முடித்ததும் அதையும் அவளையே வாசிக்கச் சொல்லித் திருத்தினான். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பதிப்பாளரிடம் கொடுத்த மாதமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். எட்டு மாதம் கழித்து நாவல் வெளிவந்தது. அட்டையில் பதிப்பாளர் பெயர்.

நியாயம் கேட்கப் போனவளிடம், உன் தம்பிக்குத் திருத்தத்தானே தெரியும், எழுதத் தெரியுமா என்று கேட்டார் அந்த மகானுபாவர். அதோடு வேலையும் போயிற்று. அவளிடம் ஆதாரமாக ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஊர் அந்த ஆளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இன்று மாலை ஆறாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அதிலாவது தம்பி பெயர் வரவேண்டும் என்றுதான் கிளம்பினாள். அதைக் கேட்கக் கையில் வெறும் வயிற்றெரிச்சலோடு போக வேண்டாமே என்று வாங்கிய அந்த நாவலின் பிரதிதான் பையிலிருந்த புத்தகம்.

பஸ்ஸில்தான் பிரித்தாள். பல பக்க ஓரங்களில் சிவப்புத் திருத்தங்கள். தம்பியின் கை. சொல்லை அடிக்கும் நீக்கல் குறியின் வாலை மேல்நோக்கிச் சுழித்துவிடும் கெட்ட பழக்கம் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு.

அவன் செத்த பிறகு அச்சான புத்தகம்.

அவள் விரலில் மை ஒட்டியது.

பதிப்பாளர் அறையில் மழை இருட்டு. மேசை விளக்கு மட்டும் எரிந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். பழைய புத்தகத்தில் எவன் வேண்டுமானாலும் கிறுக்குவான், செத்தவன் வந்து பேனா பிடிப்பானா என்றார். அச்சு உத்தரவை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே ஆசிரியர் என்ற இடத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். வெட்கம், மானம் ஏதாவது இருந்தால்தானே!

வாசிப்பக்கா அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திருத்தம் விழாத ஒரு பக்கத்தில் திறந்து விளக்கடியில் வைத்தாள். 'அமைச்சர் சற்று மாற்றிச் சொன்னார்' என்று அச்சில் இருந்தது. யார் மனமும் புண்படக் கூடாதென்று இந்த ஆள் மழுப்பிய வரி.

அவள் தம்பி எழுதியதை மனப்பாடமாக, பழைய வேலைக் குரலில் சொன்னாள்.

"அமைச்சர் பல்லில்லாத வாயால் பொய் சொன்னார் கமா பொய்யும் வெறும் காற்றாகத்தான் வந்தது முற்றுப்புள்ளி."

அறையில் கிராம்பு வாசம் எழுந்தது. பல்வலிக்காரத் தம்பி எந்நேரமும் வாயில் கிராம்பைத்தான் அடக்கிக்கொண்டிருப்பான்.

காகிதத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

யார் கையிலும் பேனா இல்லை.

சிவப்புக் கோடு ஒன்று அந்த வரியின் மேல் நிதானமாக ஓடியது. வால் மேல்நோக்கிச் சுழிந்தது. ஓரத்தில், அவள் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

பதிப்பாளர் எழுந்திருக்கப் பார்த்தார். எழ முடியவில்லை.

அவள் நிறுத்தவில்லை. அடுத்த வரி. அடுத்த பத்தி. பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் இரண்டு வருடக் கோபம் அந்தப் பயத்தைவிடப் பெரியது. தாள்கள் தாமாகப் புரண்டு முன்பக்கத்துக்கு வந்தன. கோடு பதிப்பாளரின் பெயரை அடித்தது. அங்கே நிற்கவில்லை. தாளை விட்டு இறங்கியது. மேசையில் ஊர்ந்தது. அவர் விரல், மணிக்கட்டு, வெள்ளைச் சட்டைக் கை, தோள்.

கழுத்தில் சுழிக்க ஆரம்பித்தது.

"நிறுத்தச் சொல்லும்மா..."

"பேரை எழுதுங்க, சார்."

அச்சு உத்தரவில் தன் பெயரை அடித்துவிட்டுத் தம்பியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோடு அப்படியே நின்றது. வாசிப்பக்கா உத்தரவை எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்தாள். எழுத்துப்பிழை இல்லை. கண்ணில் நீர் முட்டியது. வந்த காரியம் முடிந்தது, அச்சுக்கூடத்தில் தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எழுந்தாள்.

கீறும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"எழுதிட்டேன்ல, இன்னும் என்ன?" பதிப்பாளரின் குரல் காற்றாகத்தான் வந்தது.

அவள் காது கொடுத்தாள். பதினாறு வருடம் கேட்ட சத்தம் அவளுக்குத் தெரியாதா? தம்பி குட்டைக் குட்டையாக, வேகமாக எழுதுகிறவன். இது அவன் பேனா இல்லை. ஒரே பேனாவும் இல்லை, பல பேனாக்கள்.

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி இருந்தது. அவர் எழுதியதாக ஊர் கொண்டாடும் பதினொரு நாவல்களும் அதில் வரிசையாக நின்றன. அவள் போய்க் கதவைத் திறந்து, கைக்கு வந்ததைப் பிரித்தாள். பச்சை மையில் சாய்ந்த எழுத்து, முன்பக்கத்துப் பெயரை அடித்துக்கொண்டிருந்தது. அடுத்ததில் பென்சில். அதற்கடுத்ததில், இன்னும் பள்ளிக்கூடத்து வளைவு மாறாத ஒரு பெண்ணின் கை.

"சார், இவங்கள்லாம் யாரு?"

அவர் கழுத்தைப் பொத்திக்கொண்டு மேசையையே பார்த்தார். பச்சைக் கோடு ஒன்று தாளை விட்டு இறங்கி, அலமாரித் தட்டைத் தாண்டி, சுவர் வழியாக அவர் நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

வாசிப்பக்கா விலகி வழிவிட்டாள்.