சத்தம் போன இடம்

மதியம் 3.10. பாட்டு நின்றது.

மாவு ஆலையில் ஷிப்ட் சங்கு ஊதி முடிந்திருந்தது. ஆட்கள் வரிசையாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்து, வாசலோரச் சுவர் ஆணிகளில் காதடைப்பான்களை மாட்டிவிட்டு, பெஞ்சுகளில் உடம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மேசைமேல் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும், மேசைக்கடியில் தும்தும் என்று இடித்துக்கொண்டிருந்த பெரிய பெட்டியும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டன.

வேறு நாளாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இன்று மூட்டையண்ணனுக்குக் கடைசி நாள். முப்பத்தோரு வருடம் மூட்டை சுமந்த தோளுக்கு விடுதலை. நடுக்கடலில், கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்க்கும் அவர் மகள் நான்கு மணிக்கு இந்தக் கம்ப்யூட்டரில் பேசப்போகிறாள். பத்தே நிமிடம். அதை விட்டால் இருபது நாளைக்கு அவளைப் பிடிக்க முடியாது.

மேஸ்திரிக்கு மூக்கு சிவந்தது. "ஏய் வயர்மேன்! ரெண்டு நாளா ஏணில ஏறி எறங்கினியே, என்னத்தக் கட்டின?"

"கட்டினதெல்லாம் கட்டினபடியே இருக்குண்ணே. பாருங்க, ஸ்பீக்கர்ல லைட்டு எரியுது."

"லைட்டையா காதுல வாங்கிக்கச் சொல்ற? நாலு மணிக்குள்ள சத்தம் வரலைன்னா, நீயே நீந்திப் போய்ச் சேதி கேட்டுட்டு வா!"

மூட்டையண்ணன் பெருமூச்சு விட்டார். "அவனை ஏம்ப்பா வையிறீங்க? என் ராசி அப்படி."

3.24. வயர்மேன் பெரிய பெட்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். பாட்டு குபீரென்று கிளம்பியது! கூடமே கைதட்டியது. வயர்மேன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

3.31. மறுபடி செத்தது. வயர்மேன் தட்டினான், குத்தினான், கடைசியில் கும்பிட்டும் பார்த்தான். பெட்டி அசையவில்லை.

அப்போதுதான் பாம்புச்செவியக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர். ஓடுகிற உருளைக்குப் பக்கத்தில் நின்று, "மூணாவது பேரிங் அழுவுது, பிரிச்சுப் பாரு" என்பார். பிரித்தால் அது தேய்ந்திருக்கும். அதனால் வந்த பெயர்.

"தம்பி, உன் போனைக் குடு" என்றார். ஸ்பீக்கர் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, போனில் சொருகச் சொன்னார். போன் பாட்டு கணீரென்று வந்தது.

"ஸ்பீக்கர் நல்லாருக்கு. வயரும் நல்லாருக்கு. இப்பக் கம்ப்யூட்டர்."

வயரைத் திரும்பச் சொருகினார்கள். திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் முழு அளவில் இருந்தது. பச்சைக் கோடுகள் ஏறி இறங்கிக் குதித்தன.

"பாருங்கக்கா, அது பாட்டுக்குப் பாடுது" என்றான் வயர்மேன்.

"பாடுறவனும் சரி, ஊதுறவனும் சரி. அப்ப நடுவுல பாட்டு எங்கயோ எறங்கிப் போயிருக்கு." அக்கா திரும்பினார். "மொதல்ல நின்னப்ப மணி என்ன?"

"மூணு பத்து. நம்ம ஆளுங்க உள்ள வந்துட்டிருந்தாங்க" என்றார் மேஸ்திரி.

"மூணு இருபத்துநாலுலருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் பாடுச்சு. அந்த ஏழு நிமிசம் யாரு கூடத்துல இல்ல?"

"நான்தான்" என்றார் மூட்டையண்ணன். "கடைசி லாரிக்குக் கயிறு கட்ட ஆளில்லன்னு டிரைவர் கூப்பிட்டான். ஆலைக்குள்ளாற பூந்து போயிட்டு வந்தேன். அதுக்குள்ள பாட்டு வந்து போயிடுச்சாமே? நான் பாட்டுக் கேக்கவும் குடுத்து வைக்கல."

"ஏண்ணே, பொறாமையில நீதான் வெளிய இருந்து ஊதி அணைச்சியா?" என்று ஒருவன் கேட்க, கூடம் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. சமையல்காரரிடம் போனார். "நேத்து இந்தக் கம்ப்யூட்டரை யாரு தொட்டது?"

"மத்தியானம் நம்ம அண்ணன்தான் உக்காந்திருந்தாரு. திரையில மகளைப் பாத்துக்கிட்டு, தனியாச் சிரிக்கிறாரு, தலையாட்டுறாரு."

"மக என்ன பேசுச்சு?"

"எனக்கெங்க கேட்டுச்சு? ஆளு காதடைப்பான் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, எப்பவும் போல."

"மூணு அடி தூரத்துல நின்னும் கேக்கலையா?"

"ஒரு எழுத்துக்கூட."

3.44. அக்கா கையைத் தூக்கினார். "எல்லாரும் ரெண்டு நிமிசம் மூச்சு விடுங்க, பேச்சு விடாதீங்க."

கூடம் அடங்கியது. சுவரில் முப்பத்தேழு காதடைப்பான்கள், தலைமேல் வளையும் பட்டையும் இருபுறம் கிண்ணமுமாக, மாவு படிந்து தொங்கின. அக்கா முதல் ஆணியிலிருந்து ஒவ்வொன்றாகக் காதை வைத்துக்கொண்டே நடந்தார், இயந்திர வரிசையில் நடப்பதைப் போல. இருபத்திரண்டாவது ஆணியில் நின்றார். அதை எடுத்து, ஒட்டியிருந்த கிண்ணங்களைப் பிரித்து, மேஸ்திரியின் காதில் வைத்தார்.

மேஸ்திரியின் புருவம் ஏறியது. "அட! பாட்டு இங்கல்ல கச்சேரி நடத்துது!"

"திருடன் கெடச்சாச்சு. இது யாரோடது?"

முப்பத்தாறு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். மூட்டையண்ணன் எழுந்து நின்றார். "என்னோடதுதான். மக போன மாசம் அனுப்புனது. நான் ஒண்ணும் பண்ணலையே, தாயி!"

"ஒண்ணும் பண்ணாததுதான் குத்தம்" என்றார் அக்கா. "சாப்பாட்டுக் கூடத்துல எவனாவது காதை அடைப்பானா? அடைச்சுக்கிட்டு மகளோட பேசுவானா? அப்ப அது காதுக்குள்ள பேசுற காதடைப்பான். ப்ளூடூத்து. நேத்து அதையும் கம்ப்யூட்டரையும் சேத்து வச்சிருக்கீங்க. இன்னிக்கு மூணு பத்துக்கு அது உள்ள வந்ததும், கம்ப்யூட்டர் பழகுன ஆளைப் பாத்துட்டு, ஸ்பீக்கரை விட்டுட்டு அதுங்கிட்டப் போய்ப் பாடுது. லாரிக்குப் போறப்ப ஆலைச் சத்தத்துக்குன்னு அதைக் கையில எடுத்துக்கிட்டுப் போனீங்க. அது தூரம் போனதும் பாட்டு ஸ்பீக்கருக்கு வந்துச்சு. திரும்பி வந்தீங்க, போச்சு."

வயர்மேன் பாய்ந்துபோய்த் திரையின் மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தினான். சத்தம் போகும் இடம் என்று அங்கே காதடைப்பானின் பெயர்தான் நின்றது. தலையில் அடித்துக்கொண்டான். "கோடு குதிக்குதான்னு பாத்தேனே தவிர, எங்க போய்க் குதிக்குதுன்னு பாக்கலையே!"

"அப்ப, நீ தட்டுனதுல பாட்டு வரலையா?" என்றார் மேஸ்திரி. வயர்மேனின் காலர் தானாக இறங்கியது.

மூட்டையண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "முப்பத்தோரு வருசமாக் கழட்டி ஆணியில மாட்டுனா வேல முடிஞ்சிச்சு. அதை நிறுத்தவும் வேணும்னு யாருக்குத் தெரியும்?"

அது சரிதான். அந்த ஆலையில் காதடைப்பானுக்குப் பொத்தான் உண்டென்று யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அக்கா இல்லாவிட்டால், கடல் தாண்டி வரும் குரல் பத்து நிமிடமும் ஓர் ஆணியிடம் பேசிவிட்டுப் போயிருக்கும்.

பொத்தானை அழுத்தியவுடன் மேசைக்கடிப் பெட்டி தும் என்று கூடத்தையே உலுக்கியது.

4.00. திரையில் எண்ணெய்க்கறை படிந்த ஒரு முகம் தோன்றியது. மூட்டையண்ணன் பேச வாயெடுத்தார். மகள் முந்திக்கொண்டாள். அவள் குரல் கூரைத் தகரம் அதிர முழங்கியது.

"அப்பா! அந்தக் காதடைப்பானை ஆஃப் பண்ணீங்களா? நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இப்ப நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதும்மா!" என்றன முப்பத்தேழு தொண்டைகள். ஆலைச் சத்தத்தையே தோற்கடித்த கத்தல்.

நடுக்கடலில் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள்.