பூஜ்ஜியம் வாட்

பேழையின் இணைப்பைப் பிடுங்கத்தான் ஜெசிந்தா வந்திருக்கிறாள் என்பது தவமணிக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. மின்பங்கீட்டு வாரியத்துப் பெண் கையில் மின்னோட்டமானியும் முகத்தில் சங்கடமுமாக வந்து நின்றால் வேறு எதற்காம்?

தூத்துக்குடியில் அப்போது இறந்தவர்களுக்கும் மின்சாரத்தில் பங்கு உண்டு. உயிருள்ள மூளைக்கே இருபது வாட்தான் செலவு. ஆகவே நினைவுப்பேழைக்கு இருபத்தைந்து வாட் தாராளம் என்பது சட்டம். அதைத் தாண்டினால் இணைப்பு போகும், இணைப்பு போன பேழை மறுபடி பேசாது. தவமணியின் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் ஆறு வருஷமாகக் கூடத்து அலமாரியில், ஒரு கறுப்புப் பேழைக்குள் இருந்தார். நினைவுப்பட்டையைத் தலையில் மாட்டினால் அவர் குரல் தலைக்குள்ளேயே கேட்கும். சாளைமீன் குழம்பில் புளி தூக்கல் என்று இன்றைக்கும் குறை சொல்லுவார், பாவி மனுஷன். அவளுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொன்னதே இல்லை. ஒத்த மனசு என்று அவளுக்கு அதில் பெருமை.

“இருநூத்தி முப்பது வோல்ட், புள்ளி ரெண்டு ஆம்பியர். பெருக்கினா நாப்பத்தாறு வாட் வருது. கோச்சுக்கிடாதியக்கா” என்று ஜெசிந்தா இழுத்தாள்.

தவமணிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. முப்பது வருஷம் துறைமுகத்தில் மின்பொறியாளராகக் குப்பை கொட்டியவளிடமா இந்தக் கணக்கு?

“அப்படிப் பெருக்குறது பேட்டரிக்குச் சரி. இது மாறுமின்னோட்டம்லா? இதுல கொஞ்சம் மின்சாரம் சும்மா உள்ள போயிட்டு அப்படியே திரும்பி வந்துரும். வேலை செஞ்சதுதான் வாட்டு. வாட்மானிய வச்சுப் பாரு.”

ஜெசிந்தா வண்டிக்குப் போய் வாட்மானியை எடுத்துவந்து மாட்டினாள். அது பூஜ்ஜியம் காட்டியது. தவமணி அதைப் பிடுங்கி விளக்கில் வைத்துப் பார்த்தாள், ஒன்பது வாட், சரியாகத்தான் காட்டியது. மறுபடி பேழையில் மாட்டினாள். மறுபடியும் பூஜ்ஜியம்தான்.

“நீங்க சொன்னதுதான் சரிக்கா. போறது பூரா திரும்பி வந்துருது. இனி அண்ணாச்சிய ஒருத்தரும் தொட முடியாது” என்று நிம்மதியாகச் சிரித்துவிட்டு ஜெசிந்தா கிளம்பிப் போனாள்.

தவமணி பேழையின் மேல் கை வைத்தாள். எது வேலை செய்தாலும் கொஞ்சமாவது வாட் செலவாகும், கொஞ்சமாவது சூடு இருக்கும். பேழை சில்லென்று இருந்தது. ஆறு வருஷமாக உள்ளே எதுவும் எதையும் நினைக்கவில்லை. பிறகு புளியைக் குறை சொன்னது யார்? அந்த இருபது வாட்டை எந்த மூளை கொடுத்தது?

பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“வந்த பிள்ள என்ன சொல்லிச்சு?” என்றது குரல்.

“இருபது வாட்டாம். பிரச்சினை இல்லன்னு போயிட்டா.”

“ஏன்ட்டி பொய் சொல்லுத?”

அது பொய் என்று அந்த வீட்டில் தவமணி ஒருத்திக்குத்தான் தெரியும். பட்டையைக் கழற்றக் கை மேலே போனது.

“கழட்டாத தவமணி. எனக்குப் பயமா இருக்கு.”

பயப்படுவது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையை இறக்கிக்கொண்டாள்.