குழலியின் தாங்குவிலை

தென்காசியில் காலை எழுந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் விலையைத்தான். கோமதிநாயகமும் பார்த்தார். மகள் குழலி நேற்றைவிட ஏறியிருந்தாள். அவர் முகம் வாடியது.

மதிப்புமானி வந்த பிறகு உலகம் இப்படி ஆகிவிட்டது. குழந்தையின் தலையில் வைத்தால் அதன் எதிர்காலத்துக்கு விலை சொல்லும் கருவி அது. அந்த விலையைப் பங்குகளாக்கி ஆயுள்சந்தையில் விற்று, வரும் பணத்தில் படிக்கவைப்பார்கள். பிள்ளை ஆளானபின் அதன் நேரம் பங்குதாரர்களுக்குச் சொந்தம். வேலை வாங்கலாம், பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டும் இருக்கலாம். பெற்றவர்களுக்கும் இதே சட்டம்தான்: பங்கு இருந்தால்தான் பிள்ளையின் நேரம்.

குழலி பிறந்தபோது அவள் பங்கு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. "வாங்கிப் போட்டு வைப்போம். வளர்ற பிள்ளை" என்றாள் மனைவி செண்பகம்.

"இருபது வருசத்துக்கு ஒத்தப் பைசா வராது. நாளைக்குக் கெடைக்கிற பலாக்காய விட இன்னைக்குக் கெடைக்கிற களாக்கா மேலுட்டி."

அவர் தாங்குசீட்டு எழுதினார். மகளின் விலை குறிப்பிட்ட தாங்குவிலைக்குக் கீழே இறங்கினால், அந்த விலைக்கே பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று பங்குதாரருக்குக் கொடுக்கும் வாக்கு அது. அந்தத் துணிச்சலுக்கு மாதாமாதம் பிரீமியம் வரும். அவள் எவ்வளவு உயர்ந்தாலும் அவருக்கு அதே பிரீமியம்தான். மாதத்தின் கடைசி வியாழனில் பழைய சீட்டு முடியும், அன்றே புதிதாக எழுதுவார். ஒரு மாதமும் தவறியதில்லை.

குழலி உப்புநீரில் விளையும் நெல்லைக் கண்டுபிடித்தாள். விலை வானத்துக்குப் போயிற்று. ஆரம்பத்திலேயே வாங்கியவர்கள் பங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவரும் விற்கவில்லை. யார் யார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கோ போய் நின்றாள். அப்பன் வீட்டுக்கு வர அவளுக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. சீட்டு எழுதும் உறவினரிடம் அவள் தன் உடல்நிலை, வேலை பற்றிப் பேசினால், சந்தை ரகசியத்தைக் கசியவிட்ட குற்றத்துக்குச் சிறை.

அவள் விலை விழுந்தால்தான் பங்கு தன் கைக்கு வரும், அவளும் வீட்டுக்கு வருவாள். இது புரிந்ததிலிருந்து, தாங்குவிலையை அவளுடைய விலைக்குப் பக்கத்திலேயே ஏற்றி வைத்துக் காத்திருந்தார்.

ஒருநாள் விலை சரிந்தது. "ஏட்டி, எறங்குது! எறங்குது!" என்று கைதட்டினார்.

"அவளுக்குக் காய்ச்சலாம். நீங்க கைதட்டுதிய" என்றாள் செண்பகம்.

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது அவருக்கு. தாங்குவிலையைத் தொடும் முன்பே காய்ச்சல் தணிந்து விலை மீண்டது. அந்த மாதக் கடைசி வியாழனன்று அவர் சீட்டு எழுதவில்லை. மகள் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்து எத்தனையோ நாளாகியிருந்தது. அன்று நினைத்தார்.

அடுத்த வாரமே குழலி விழுந்தாள். காய்ச்சல் எதுவுமில்லை. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, இனி ஆராய்ச்சியே கிடையாது என்று அறிவித்துவிட்டாள். பங்குதாரர்கள் அலறியடித்து, அந்த மாதம் சீட்டு எழுதியிருந்தவர்கள் தலையில் பங்குகளைக் கட்டினார்கள். கைமாறுவதற்கு முன் ஒருமுறை பேச அவளுக்கு அனுமதி உண்டு. வீட்டுச் சுவரில் சிரித்தபடி தோன்றினாள்.

"யப்பா, நான் கெளம்பிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்க இருப்பேன்."

செண்பகம்தான் சொன்னாள்: "அப்பா இந்த மாசம் எழுதலட்டி."

குழலியின் சிரிப்பு நின்றது. "எழுதலையா? நீங்க எழுதியிருப்பியன்னு நம்பித்தானே எல்லாத்தையும் விட்டேன். இப்ப வாங்குனவங்க நஷ்டத்துக்கு விக்க மாட்டாங்கப்பா. வெல மீளுற வரைக்கும் என்னைப் போட்டுப் பிழிவாங்க. ஏம்ப்பா எழுதல?"

உண்மையைச் சொன்னால் காய்ச்சலுக்குக் கைதட்டியதையும் சொல்லவேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மறந்துட்டேம்மா" என்றார்.

"என்னையாப்பா?" என்று கேட்டாள் குழலி.

அவர் வாய் திறப்பதற்குள் அவளுடைய நேரம் வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்டது.