ஒரே தேதியிட்ட நாற்பத்தோரு தாடிப்பாசிகள்

இரண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட் மழை. ஹைதராபாத் பேகம்பேட் ஆபீஸ் படியேறி வந்தவன், சொட்டும் குடையை நேராக நீலாவின் மேஜைமேல் வைத்தான்.

"குடை நக்கோ, இங்க வேண்டாம் சார். பாசி பாக்கெட் நனையும்."

"அது என் பாக்கெட்தாங்க. நான் ரஞ்சன். என் பதிவையெல்லாம் ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

நீலா நிமிர்ந்தாள். மலைமரங்களில் நரைத்த தாடியாகத் தொங்கும் பாசி அது. பிரியாணிக் கல்பாசிக்குத் தூரத்து உறவு. உலர்த்தி உறையிலிட்டு, இடம், மரம், தேதி, சேகரித்தவர் என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். சீட்டுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. இரண்டு மாதமாக இவன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, அதன்மேல் ஒரு இது... ஐம்பது வயது ஆசாமியாக இருக்கும் என்று மனதை அடக்கி வைத்திருந்தாள். வந்தவனுக்கு முப்பதுகூட இராது. இமையில் மழைத்துளி வேறு.

"நாற்பத்தோரு சீட்டுலயும் ஒரே தேதி. ஒரே நாள்ல ஊட்டியிலயும் பறிச்சு, கொடைக்கானல்லயும் பறிச்சீங்களா?"

"மலை ஏறினவன் நானுங்க. ஏசி ரூம்ல உக்காந்துட்டு நீங்க சொல்றீங்க..."

"மாசக் கடைசிக்குள்ள தேதி சரியா வரலன்னா, எல்லாமே பட்டியல்லேர்ந்து போயிடும்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதிவுகளை ஏற்கும் பொத்தானைத் தட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பான். தட்ட மனம் வரவில்லை. இனி வரமாட்டான் என்பதும் வலித்தது.

நான்காம் நாள் வந்தான். குடையை வாசலிலேயே விட்டிருந்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி. ஈரப்பாசியை லாட்ஜ்ல காயவெச்சு, எல்லாத்தையும் ஒரே நாள்ல உறையில போட்டேன். அந்த நாளையே சீட்டுல எழுதிட்டேன். பறிச்ச நாளெல்லாம் இந்த நோட்டுல இருக்கு."

திருத்த ஒரு மாலை போதும். ஒன்பது மாலை எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி மாலை, அவன் நாற்பத்திரண்டாவது உறை ஒன்றை நீட்டினான். உள்ளே ஒன்றுமில்லை. சீட்டு மட்டும் இருந்தது. இடம்: கொடைக்கானல். தேதி: அடுத்த வருடம் ஜூன். சேகரித்தவர்கள்: ரஞ்சன், நீலா.

"வராத தேதியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார்."

"தெரியும். உங்க வீட்டுல வந்து பேசி, கல்யாணம் முடிய அவ்வளவு நாளாகும்னு நினைச்சேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, நீலா."

மழை விட்டிருந்தது. நீலா பேனாவை எடுத்து ஜூனை அடித்தாள். மேலே ஜனவரி என்று எழுதினாள்.

"உங்களுக்குத் தேதியே சரியா வராதா? எங்க வீட்டுல தை மாசத்தைத் தாண்ட விடமாட்டாங்க."