தனி மேசைக்கு ஓர் ஊசி

பள்ளியின் நர்ஸ் அறையில் போன் அலறியது.

எடுத்தாள் நர்ஸ்.

மறுமுனையில் மூச்சிரைக்கும் ஒரு பெண் குரல். மூன்றாம் வகுப்புக் 'கண்ணாடி'யின் சித்தி. காலை அவசரத்தில் டப்பா மாறிவிட்டதாம். தன்னுடைய டப்பாவைக் குழந்தையின் பையில் வைத்துவிட்டாளாம். அதில் இருந்தது... வேர்க்கடலை தூவிய நூடுல்ஸ்!



"பார்க்க நல்லா இருந்தாலும் நம்பாதீங்க சிஸ்டர். தெரிய ஆரம்பிச்சா லேட்டாயிடும். நான் குடுத்து வச்ச ஊசியை உடனே போட்டுடுங்க."

நர்ஸ் பேனா போலிருந்த அந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. ஒரே ஒரு நாற்காலி. அதுதான் கண்ணாடியின் சாப்பாட்டு இடம். ஒரு கடலை பட்டால் போதும், உடைந்து போவாள் என்று பிரேயரில் சொல்லிவைத்திருந்தார் ஹெட்மாஸ்டர். அன்றே பிள்ளைகள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பென்சில்கூடக் கடன் கொடுத்ததில்லை.

டப்பா காலி.

கண்ணாடி ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே ஆன்ட்டி. ஊசி வேணாம் ஆன்ட்டி..."

நர்ஸ் அவளை மடியில் அழுத்திக்கொண்டு தொடையில் குத்தினாள்.

க்ளிக்.

குழந்தை அழ வாயைத் திறந்தாள்.

அழுகை வரவில்லை. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை...

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் சுவரோடு சுவராகச் சாய்ந்து கிடந்தாள். சித்தி அவளைக் கட்டிக்கொண்டு தேற்றினாள். பெற்ற தாயை முன்பே இழந்த குழந்தை. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. எல்லாம் அவர் இரண்டாவதாகக் கட்டிய இந்தச் சித்திதான். குழந்தைக்குக் கடலை ஆகாது என்று பள்ளியில் சேர்த்த அன்றே சொன்னவள் அவள். தனி மேசை கேட்டவளும் அவள்தான். பிறந்தநாள் கேக்கைக்கூட வகுப்புக்குள் விடக்கூடாது என்று ஹெட்மாஸ்டரிடம் மல்லுக்கட்டினாள். எவ்வளவு பாசம் என்று டாக்டரே கண் கலங்கினார்.

அலர்ஜி சாவு. உடலைக் கொடுத்துவிடலாம் என்றார்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவருக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. தனி மேசைக்கு வரும் டப்பாவை டியூட்டி டீச்சர் திறந்து பார்த்துவிட்டுத்தான் குழந்தையிடம் தர வேண்டும். அது பள்ளியின் விதி. அன்று டியூட்டி கணக்கு டீச்சருக்கு.

கூப்பிட்டார்.

"டப்பாவைத் திறந்து பார்த்தீங்களா?"

டீச்சர் புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"இல்ல சார்."

"அப்ப உங்க கவனக்குறைவாலதான் பொண்ணு செத்திருக்கு. கேஸ் உங்க மேலதான்."

டீச்சருக்கு வியர்த்தது. வேலை போகும். ஜெயில். ஊர் சிரிக்கும். வீட்டில் கணவர் ஒருவரே போதும், ஊருக்கும் சேர்த்துச் சிரிப்பார்.

"சார்... அது கடலையால சாகலை."

"டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டருக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்."

"எப்படி?"

டீச்சர் வராந்தாவின் இரு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நானே குடுத்துப் பார்த்துட்டேன்."

கொட்டித் தீர்த்தாள். ஒரு பிள்ளைக்காக வகுப்பு முழுக்கக் கட்டுப்பாடு. எல்லாம் அந்தம்மாவின் பாவ்லா என்று அவளுக்குச் சந்தேகம். பெற்றோர் கூட்டத்தில் முகத்திரையைக் கிழிக்க ஆசை. அதனால் கடலை பிஸ்கட்டைக் கைப்பையில் மறைத்து எடுத்துவந்து, தனி மேசைக்குப் போய் ஊட்டிவிட்டிருக்கிறாள். முதல் நாள் பாதி. அடுத்த நாள் முழுசு. பிறகு தினமும்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சரைக் கண்டாலே ஓடிவந்து கட்டிக்கொள்ளத் தொடங்கினாள், அவ்வளவுதான். அந்தப் பள்ளியில் அவளோடு தின்பண்டத்தைப் பகிர்ந்துகொண்ட ஒரே ஆள் டீச்சர்தான்!

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

கடலை கொல்லவில்லை என்றால்... குழந்தையின் உடம்புக்குள் போன இன்னொன்று எது?

உடலைத் தரவில்லை. ஊசி பரிசோதனைக்குப் போனது. மறுநாள் பதில் வந்தது. உள்ளே இருந்தது உயிர் காக்கும் மருந்து அல்ல. பிழைக்காத நாய்களை நிரந்தரமாகத் தூங்கவைக்கும் மருந்து.

சித்தி வேலை பார்த்தது மிருக ஆஸ்பத்திரியில்.

ஸ்டேஷனில் அவள் அழவில்லை. இல்லாத அலர்ஜியை ஊர் நம்பும்வரை பொறுமையாகக் காத்திருந்ததை, சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொன்னாள். ஏன் என்று கேட்டபோதுதான் உதடு நடுங்கியது.

"கப்பல்லேர்ந்து போன் பண்ணினா 'பாப்பா எங்க?'ன்னுதான் சார் ஆரம்பிப்பாரு. ஒரு தடவைகூட நீ எப்படி இருக்கேன்னு கேட்டதில்ல."



கோர்ட்டுக்குப் போக ஜீப் வந்து நின்றது. வாக்குமூலம் கொடுத்து முடித்த கணக்கு டீச்சர், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் வந்தாள். முகத்தில் லேசான பெருமை.

"நான் சொன்னதாலதானே சார் கொலையே வெளிய வந்துச்சு? வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"

"அலர்ஜி நெஜமா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் டீச்சர்?"

"இல்லைன்னு தெரிஞ்சு போச்சே சார்."

"முதல் பிஸ்கட்டுக்கு முன்னாடி தெரியாதே."

டீச்சரின் பெருமை வடிந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"அந்தம்மா கொலைகாரி, நீங்க அதிர்ஷ்டக்காரி. அவ்வளவுதான் வித்தியாசம். ஏறி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க... அவங்களும் வரணும்."