ஹில்டாவும் இருமும் இயந்திரமும்

சுங்கை சிப்புட் என்ற ஊருக்கு வடக்கே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், 1926ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை விடியலில் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட்டது. அதைக் கெடுப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மனிதர் யேசுதாசன். தோட்டத்து ரப்பர் ஆலையின் இயந்திரத்தை ஓட்டுபவர். விடியுமுன்பே ஆலைக்குப் போய் இயந்திரத்தின் அடுப்பை மூட்டிவிட்டு, பெரட்டுக்கு வருவது அவர் வழக்கம். வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடத்துக்குத்தான் பெரட்டு என்று பெயர்.

அன்று யேசுதாசனால் வரிசையில் நிற்க முடியவில்லை. தள்ளாடினார். அருகிலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை.

தோட்டத்து எழுத்தரான கிராணி கார்த்திகேசு, குடையும் கையுமாக அவர் எதிரே வந்து நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அவர்.

"விடியமுன்னமே கள்ளோ?" என்றார்.

"நான் குடிக்கிறதில்லைங்க, ஐயா."

"குடிக்காதவன் ஏன் தள்ளாடுறான்? புதுக் கலவைப் பெட்டி வந்த நாள்தொட்டு இஞ்சினும் ஒழுங்கா ஓடேல்லை, நீயும் ஒழுங்கா நிக்கேல்லை. குடிகாரனிட்டை இஞ்சினைக் குடுக்கேலாது. சனிக்கிழமை பொழுதுபடமுன்னம் வீட்டைக் காலி பண்ணு."

தோட்டத்து மருந்தகம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. யேசுதாசனுக்கு என்ன நோய் என்று பார்க்கும்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிராணி சொல்லவில்லை. நூற்றிருபது பேர் அங்கே நின்றார்கள். அவர்களில் ஒருவராவது வாய் திறந்திருக்கலாம். ஒருவரும் திறக்கவில்லை.

அப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்த பதினொரு வயது ஹில்டா இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்குவாளியின் பிடி அழுந்தி அவள் உள்ளங்கை சிவந்தது.

அன்று மாலை வீட்டில் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். யேசுதாசன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தியமா ஒரு சொட்டுத் தொடல," என்றார். "காலையில அடுப்பை ஊதி முடிச்சா தலை இடிக்குது. காலு நிக்க மாட்டேங்குது. வெளிய வந்து ஒரு மணி நேரம் ஆனா சரியாயிடுது."

"நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியும்ப்பா," என்றாள் ஹில்டா. பிறகு சற்று யோசித்துக் கேட்டாள்: "காத்துக் கைப்பிடி இன்னிக்கு எதுல இருந்துச்சு?"

அந்த இயந்திரம் எண்ணெயில் ஓடுவதன்று. ஓர் இரும்பு அடுப்பில் மரக்கரி எரியும். அதிலிருந்து வரும் கரிவாயுவை, குழாய் வழியாக இயந்திரம் தானே உறிஞ்சிக்கொள்ளும். வெறும் வாயு மட்டும் போதாது. அதனோடு காற்றும் அளவாகக் கலக்க வேண்டும். கலப்பதற்கென்றே பித்தளையில் ஒரு பெட்டி உண்டு. வாயுவுக்கு ஒரு கைப்பிடி, காற்றுக்கு ஒரு கைப்பிடி. ஒவ்வொன்றின் அருகிலும் ஒன்று முதல் பத்து வரை எண்கள். காற்று மிகுந்தால் இயந்திரம் 'பட், பட்' என்று இருமும். காற்று குறைந்தால் மூச்சுத் திணறி நிற்கும். சென்ற மாதம் ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து, பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய பெட்டியைப் பூட்டிப் போயிருந்தார்.

"ரெண்டுல இருந்துச்சு," என்றார் அப்பா.

"வந்த புதுசுல ஏழுல இருந்துச்சே?"

"அதான் புரியல. எவ்வளவு குறைச்சாலும் காத்து ஜாஸ்தின்னே இருமுது. இன்னும் எங்கேருந்துதான் வருதோ அவ்வளவு காத்து."

அம்மா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "வேலை போகுது, வீடு போகுது. அப்பனும் மகளும் இன்னும் அந்தப் பெட்டியவே பேசிக்கிட்டு இருங்க," என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மழை விடாமல் கொட்டியது. பள்ளிக்கூடக் கொட்டகையில் பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள். ஆசிரியர் இன்னும் வரவில்லை.

பிச்சைமுத்து மட்டும் பெஞ்சின்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா மாயாண்டி நேற்றுவரை ஆலைக்கு வெளியே கரிக்கொட்டகையில் கரி அள்ளியவர். இன்று காலை யேசுதாசனின் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது.

"இனிமே நான்தான் இஞ்சின் டிரைவர் மவன்," என்றான் பிச்சைமுத்து. "எங்க அப்பா நேரா நிப்பாரு. சில பேரு மாதிரி ஆடமாட்டாரு."

இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். ஹில்டா பல்லைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள்.

பிச்சைமுத்துவின் கையில் ஒரு பால் டின் நிறைய வரக்காப்பி இருந்தது. பப்பாளி இலையின் காம்பு உள்ளே குழல் போல இருக்கும் அல்லவா? அப்படி ஒரு காம்பை டின்னுக்குள் விட்டுப் பெரிய மனிதரைப் போல உறிஞ்சினான். 'கொர்' என்று சத்தம்தான் வந்தது.

"காப்பிக்குப் பதிலாக் காத்துதான் வருது," என்று முகம் சுளித்தான்.

"காம்பு கீறியிருக்கும்," என்றாள் ஹில்டா, அவனைப் பார்க்காமலே.

"ஒண்ணும் கீறல. பாரு, ஊதிக் காட்டுறேன்." அவன் கன்னம் உப்ப ஊதினான். காப்பியில் ஒரு குமிழிகூட எழவில்லை. "ஐயே, ஆமாலா. காத்து என் விரல்மேல அடிக்குது."

ஹில்டா சட்டென்று திரும்பினாள்.

உறிஞ்சியபோது கீறல் வழியாகக் காற்று உள்ளே போயிற்று. ஊதியபோது அதே கீறல் வழியாக வெளியே வந்தது. இயந்திரம் ஓடும்போது குழாயை உறிஞ்சுகிறது. குழாயில் எங்கோ கீறல் இருந்தால் காற்று உள்ளே போகும். கைப்பிடியை இரண்டுக்குக் குறைத்தாலும் இருமும். ஆனால் ஓடுவதற்கு முன்பு? அப்போது இயந்திரம் உறிஞ்சுவதில்லை. அடுப்பு நன்றாகப் பற்றும்வரை, ஓட்டுபவர் கையால் ஒரு விசிறியைச் சுற்றி ஊத வேண்டும். அப்போது அந்தக் கீறல் வழியாக வெளியே வருவது வெறும் காற்றன்று, மூச்சில் கலந்தால் ஆளை மயக்கிக் கொல்லும் கரிவாயு.



"பிச்சைமுத்து, இன்னிக்கு இஞ்சின் ஓடுச்சா?"

"ரெண்டு தடவை இருமிட்டு நின்னு போச்சு. அப்பா மறுபடி ஊதிக்கிட்டு இருக்காரு. ஏன்?"

"கதவு திறந்திருக்கா?"

"மழையில இஞ்சின் பெல்ட்டு நனைஞ்சிடும்லா. கதவு, சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டாரு. இடுக்குல நான்தான் சாக்கு வச்சு அடைச்சேன்." அதையும் பெருமையாகவே சொன்னான்.

ஹில்டா அவன் கையைப் பற்றி இழுத்தாள். "வா. அந்த ரூமுல கரி கேஸ் கசியுது. எங்க அப்பா குடிச்சித் தள்ளாடல. அந்தக் கேஸ்தான். ஓடி வா."

சிரித்த பிள்ளைகள் இருவரையும் பார்த்து, "நீங்க எங்க அப்பாவையும் கிராணியாரையும் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள். அவர்கள் கேள்வி கேட்காமல் ஓடினார்கள்.

சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து இருவரும் இயந்திர அறைக்கு வந்தார்கள். உள்ளே விசிறிச் சத்தம் இல்லை. கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. பிச்சைமுத்து கதவைத் தட்டினான், பிறகு உதைத்தான். பதில் இல்லை.

ஹில்டா சன்னல் இடுக்கிலிருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். கரிக்கொட்டகையிலிருந்த மண்வெட்டியை இடுக்கில் கொடுத்து, இருவருமாக நெம்பினார்கள். சன்னலின் பலகைக் கதவு முறிந்து திறந்தது.

விசிறியின் அருகே மாயாண்டி சுவரில் சாய்ந்து கிடந்தார். தலை தோளில் தொங்கியது.

"அப்பா." பிச்சைமுத்து சன்னலில் காலைத் தூக்கி வைத்தான். ஹில்டா அவன் சட்டையை இரண்டு கைகளாலும் பற்றிப் பின்னால் இழுத்தாள். சட்டை கிழிந்தது.

"உள்ள போகாத. நீயும் விழுந்துடுவ."

"விடு என்னை. எங்க அப்பா சாகப்போறாரு."

"அந்தப் பக்கத்துச் சன்னலைத் திற. காத்து இங்க நுழைஞ்சி அங்க வெளிய போகட்டும். அதுதான் அவருக்கு வேணும். சீக்கிரம் போ."

 அவன் மண்வெட்டியோடு சுற்றி ஓடினான். அந்தப் பக்கம் 'மடார்' என்று ஓசை கேட்டது. மழையும் காற்றும் அறைக்குள் ஒன்றாகப் புகுந்து அடித்தன.

அப்போது பின்னாலிருந்து கிராணியின் குரல் கேட்டது. "ஆர் சன்னலை உடைச்சது? பெல்ட் நனையுது, பெல்ட்."

அவரைத் தாண்டி யேசுதாசன் ஓடிவந்தார். "அப்பா, கேஸ் கசியுது. மூச்சைப் பிடிச்சிக்கிட்டுப் போங்க," என்றாள் ஹில்டா. அவர் சன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார், மழைக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தார், உள்ளே குதித்தார். தாழ்ப்பாள் விலகியது. மாயாண்டியின் அக்குள்களில் கைகொடுத்து அவரை வாசலுக்கு இழுத்துவந்தார். மூச்சைப் பிடித்திருந்ததால் அவர் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. கிராணி குடையைக் கீழே போட்டுவிட்டு, மாயாண்டியின் கால்களைத் தூக்கினார்.

கொட்டகையில் கரிச் சாக்குகளின்மேல் மாயாண்டியைக் கிடத்தினார்கள். பிச்சைமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா," என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தான். 

நெடுநேரம் கழித்து, மாயாண்டி இருமினார். கண் திறந்தார். புரண்டு வாந்தி எடுத்தார். எழ முயன்று தள்ளாடி, மீண்டும் சாக்கில் விழுந்தார்.

கிராணியின் புருவம் நெரிந்தது. "இவனும் கள்ளோ?"

பிச்சைமுத்து நிமிர்ந்தான். "ஐயா, காலையில பெரட்டுல நீங்கதானே எங்க அப்பா வாயை மோந்து பாத்தீங்க. 'மணமில்லை'ன்னு சொல்லித்தானே சாவியைக் குடுத்தீங்க."

கிராணி குனிந்து மாயாண்டியின் வாயை மீண்டும் மோந்து பார்த்தார்.  செய்தி கேட்டு வந்த டிரஸ்ஸர், அதாவது மருந்தகத்து உதவியாளர், மாயாண்டியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பொழைச்சாரு. இன்னும் கால் மணி போயிருந்தா நான் வந்து பிரயோசனமில்ல," என்றார்.

அறை முழுவதும் காற்றோடிய பிறகு, யேசுதாசன் சவர்க்கார நுரையைக் குழாயின் நீளம் முழுவதும் பூசினார். விசிறியை மெதுவாகச் சுற்றினார். கலவைப் பெட்டிக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், குழாய் பெட்டியோடு சேரும் மூட்டின் அடியில் ஒரு குமிழி கிளம்பியது. அது ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதி உடைந்தது. உடனே இன்னொன்று கிளம்பியது. புதிய பெட்டியைப் பூட்டியவர், மூட்டுக்கு நடுவே வைக்க வேண்டிய வளையத்தை வைக்காமலே முடுக்கியிருந்தார்.

"மூக்குக்குக் கீழேயே இருந்திருக்கு," என்றார் யேசுதாசன். "இந்தக் கேசுக்கு மணமும் கிடையாது. ஊதும்போது வர்ற கேஸ் எல்லாம் கூரைக் குழாய் வழியா வெளிய போகுதுன்னுதான் நெனைச்சிக்கிட்டு இருந்தேன்."

கிராணி குனிந்து குமிழியைப் பார்த்தார்.  "சரி, யேசுதாசன். மூட்டைச் சரிப்படுத்திப்போட்டு நீயே இஞ்சினைப் பார். வீட்டையும் காலி பண்ண வேண்டாம்." திரும்பி நடந்தார்.

"ஐயா," என்றாள் ஹில்டா.

அவர் நின்றார்.

"எங்க அப்பா குடிகாரருன்னு பெரட்டுல சொன்னீங்களே?"

"அதுதான் முடிஞ்சுதே, பிள்ளை."

"நூத்தி இருபது பேருக்குக் கேட்டுச்சு, ஐயா. இங்க நிக்கிற எங்களுக்கு மட்டும் முடிஞ்சாப் போதுமா?"

"ஹில்டா," என்று யேசுதாசன் தாழ்ந்த குரலில் அடக்கப் பார்த்தார். அவளோ கிராணியின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கிராணி குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

அன்றிரவு அம்மா ஒரே ஒரு சாக்கைத்தான் அவிழ்த்தாள். மற்றவற்றை அப்படியே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை விடியலிலும் மழை. நூற்றிருபது பேரும் பெரட்டில் நின்றார்கள். யேசுதாசன் வரிசையில் நேராக நின்றார். மாயாண்டி, டிரஸ்ஸர் தடுத்தும் கேட்காமல், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஹில்டா காப்பி வாளியோடு ஓரத்தில் நின்றாள்.

கிராணி கார்த்திகேசு பெயர்ப் பட்டியலை விரித்தார். முதல் பெயரைக் கூப்பிடவில்லை. பட்டியலை மீண்டும் மூடினார்.

"யேசுதாசன் குடிக்கேல்லை," என்றார். "நான் விசாரிக்காமல் சொன்னனான். அது என்ரை பிழை."

வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

மாயாண்டி மகனின் தோளை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மழைச் சத்தத்துல பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல," என்றார்.

கார்த்திகேசு குடையை மடக்கினார். மழையில் இரண்டடி முன்னால் வந்து நின்றார். கடைசி வரிசைவரை கேட்கும்படி, முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னார்.