ரயில் கத்தினால் அறுந்துபோகும் லைன்

பவதாரிணிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்குச் சாயங்காலம் அவளுடைய இரண்டு காதும் மிளகாய்ப் பழமாக இருந்தன.

“நான் எதையும் தொடலை! தானா அறுந்துச்சு!”

“தானா அறுறதுக்கு அது என்ன பட்டமா?” என்றார் சிவனாண்டி. கரட்டுப்பட்டி பால் சொசைட்டியின் செயலாளர் அவர். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். “விளையாட்டுப் பிள்ளைக கையில கொடுத்தா வெளங்குமா? நாளையிலயிருந்து நீ இந்த நாற்காலியில உக்காரக் கூடாது. அம்புட்டுத்தான்!”

பவதாரிணி செல்வக்குமார் அண்ணனைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவரே அவர்தான். ஒரு வார்த்தை பரிந்து பேசக் கூடாதா? அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பவதாரிணிக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கும் மேலே கோபம்தான் வந்தது.

விஷயம் இதுதான். கரட்டுப்பட்டி மலைக்குப் பின்னால் இருக்கிற ஊர். மரத்தின் உச்சியில் ஏறி நின்றாலும் செல்போனில் ஒரு கோடு சிக்னல் வராது. ஊருக்கு உருப்படியாக இருப்பது பால் சொசைட்டியில் உள்ள கம்பி போன் ஒன்றுதான்.

கல்லூரியில் படிக்கும் செல்வக்குமாரும் அவருடைய கூட்டாளிகளும் இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே ‘ஊர்ப்பலகை’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். விளாங்குடியில் ஒரு வீட்டு அறையில் பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். மற்ற ஊர்களில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள் போன் கம்பி வழியாக அதைக் கூப்பிடும். நடுவில் மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. அது ‘கீய்ங்... கர்ர்ர்... புஸ்ஸ்’ என்று கொஞ்ச நேரம் அழிச்சாட்டியம் செய்யும். பிறகு லைன் கிடைத்துவிடும். ஓர் ஊர்க்காரர் எழுதி வைத்ததை இன்னோர் ஊர்க்காரர் படிக்கலாம். இதற்காக யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசைக்காகச் செய்கிற வேலை.

பவதாரிணி ஆறாம் வகுப்புதான். ஆனால் ஊரில் அவளைப் போல வேகமாகத் தட்டச்சு செய்ய ஆள் கிடையாது. “மாட்டுக்கு வயிறு உப்பிக் கிடக்கு, என்ன செய்யலாம்?” என்று ஒருவர் கேட்பார். அவள் எழுதி அனுப்புவாள். மறுநாள் பதில் வந்திருக்கும். வேலையெல்லாம் முடிந்த பிறகு, மேலூரில் இருக்கும் தங்கப்பொண்ணு என்ற பெண்ணோடு அவளுக்கு விடுகதைப் போட்டி. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நாளாகத்தான் இந்தத் தொல்லை. சாயங்காலம் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே லைன் பட்டென்று அறுந்துவிடும். எழுதியதெல்லாம் காற்றோடு போய்விடும். கடைசியாகத் தங்கப்பொண்ணு எழுதியிருந்தாள்: ‘மிதித்தால் வலிக்காது, தூக்கினால் வராது. அது என்ன? பதில் தெரியாவிட்டால் லைனை அறுத்துவிட்டு ஓடாதே!’

எவ்வளவு கொழுப்பு! பதில் பவதாரிணிக்கு அப்போதே தெரியும். அனுப்பத்தான் முடியவில்லை.

“மாமா, ரயில் கத்தும்போதுதான் அறுந்துபோகுது. நான் நல்லாக் கவனிச்சிருக்கேன்” என்றாள் அவள்.

சிவனாண்டி மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். “ரயிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையாவுல இருக்கு!”

பால் ஊற்ற வந்தவர்களும் சிரித்தார்கள். செல்வக்குமார் அண்ணனும் கொஞ்சம் சிரித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை பசங்க வாராங்க பவா. கம்ப்யூட்டரைக் கழட்டி வேற ஊருக்குக் கொடுத்துரலாம்னு பேச்சு” என்றார்.

“கொடுக்கட்டும்! கொடுத்துட்டு எல்லாரும் சந்தோசமா இருங்க!” என்று சொல்லிவிட்டு பவதாரிணி வெளியேறினாள். வீடு போய்ச் சேரும்வரை வழியில் கிடந்த கல்லையெல்லாம் எத்திக்கொண்டே போனாள்.

மறுநாள் நாற்காலியில் செல்வக்குமார் அண்ணன் உட்கார்ந்தார். பவதாரிணி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். வெளியே நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! தூரத்தில் ரயில் ‘பாம்ம்ம்’ என்றது. “ச்சே, போச்சு!” என்றார் அண்ணன்.

“இப்ப யாரு தொட்டா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் பவதாரிணி.

“நீ முந்தியே தொட்டுக் கெடுத்து வச்சதுதான்!” என்றார் சிவனாண்டி மாமா.

பார்த்தீர்களா நியாயத்தை? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அன்றைக்குத் தொல்லை அதோடு விடவில்லை. பால் வண்டியையும் தவறவிட்டார்கள். வண்டி ஊருக்குள் வராது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். அது வரும் நேரமும் நாளுக்கு நாள் மாறும். அதனால் டிரைவர் அழகுபாண்டி வழியிலிருந்தே சொசைட்டிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மணி ஒருமுறை அடித்து நின்றால், கேன்களை விலக்குக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அர்த்தம். கொஞ்ச நாளாக அந்த மணியே அடிப்பதில்லை.

“கம்ப்யூட்டர் ஓடுறதால போன் வரலையோ?” என்றார் ஒருவர்.

“அதெல்லாம் இல்ல. அதுக்குத்தான் கொஞ்ச நாளைக்கு முன்னாடி போன் ஆபீசுல சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்கேன். கம்ப்யூட்டர் ஓடினாலும் கால் வரும். அழகுபாண்டிதான் அடிக்கிறதே இல்ல. சோம்பேறிப் பய!” என்றார் சிவனாண்டி மாமா.

பவதாரிணியின் அம்மா சோணையம்மாளின் பாலும் அன்று திரிந்துபோனது. அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். “ஒரு நாளு உழைப்பும் போச்சு. அந்த டிரைவரு மட்டும் என் கையில கெடைக்கட்டும்!”

அடுத்த நாள் பவதாரிணி ஜன்னல் பக்கமே போகவில்லை. டிரைவரை ஒரு கை பார்த்துவிடுவது என்று நேரே விலக்குக்கு நடந்தாள். ரயில் கத்தி முடித்துக் கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து நின்றது. அழகுபாண்டி குதித்து இறங்கினார். அவருடைய முகமும் கடுகடுவென்றிருந்தது.

“எங்க ஒருத்தரையும் காணோம்? உங்க ஊருக்கு நான் என்ன பூசாரியா, வாசல்ல நின்னு மணியாட்டிக்கிட்டே இருக்க?”

“நீங்கதான் மிஸ்டு கால் கொடுக்கிறதே இல்லையே! எங்க அம்மா பாலு திரிஞ்சுபோச்சு!”

“யாரு சொன்னது? தெனமும் கொடுக்கிறேன். ரயில்வே கேட்டு மூடியிருக்கும்ல, தெனமும் லேட்டாகுற அந்த ரயில் போற வரைக்கும் அங்க சும்மாதான நிக்கிறேன். அப்பத்தான் அடிப்பேன். மணி போறது என் காதுல நல்லாக் கேக்குது!”

பவதாரிணி திட்டுவதற்காகத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

ரயில் கத்தும்போது இவர் போன் அடிக்கிறார். ரயில் கத்தும்போது அங்கே லைன் அறுகிறது. அப்படியானால் பனம்பழத்தை விழவைத்தது காக்கை இல்லை!

“அண்ணே, நாளைக்கு ஒரே ஒரு உதவி. கேட்டுல அடிக்காதீங்க. அதுக்கப்புறம் வர்ற அரிசி மில்லைத் தாண்டினதும் நிறுத்திட்டு அடிங்க. அங்க சிக்னல் இருக்கா?”

“இருக்கு. எதுக்குத்தா?”

“என் மேல பழி போட்டிருக்காங்க. நான் அதை இறக்கி வைக்கணும்.”

அழகுபாண்டி அவளுடைய காதுகளைப் பார்த்தார். “ஏயப்பா! சரி, அடிக்கிறேன். மொதல்ல ஓடிப் போய்க் கேனைக் கொண்டாரச் சொல்லு” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. பவதாரிணி எல்லாருக்கும் முன்னால் சொசைட்டிக்குப் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். செல்வக்குமார் அண்ணன் லைன் போட்டார். ‘கீய்ங்... கர்ர்ர்... புஸ்ஸ்.’

“இன்னைக்கு ரயில் கத்தும்போது அறாது” என்றாள் அவள்.

“இது வேறயா? ஜோசியம் பாக்க ஆரம்பிச்சுட்டியா?” என்றார் சிவனாண்டி மாமா.

தூரத்தில் ரயில் ‘பாம்ம்ம்’ என்றது. எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். லைன் அப்படியே இருந்தது. செல்வக்குமார் அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார்.

“அறலை. அப்ப நீ சொன்ன ரயில் கதையும் பொய்தான?” என்று மாமா கெக்கலித்தார்.

“பொறுங்க.”

“என்னத்தப் பொறுக்க?”

பவதாரிணி வாசலை எட்டிப் பார்த்தாள். அழகுபாண்டி அண்ணன் மறந்திருப்பாரோ? சிக்னல் கிடைக்காமல் போயிருக்குமோ? பால் ஊற்ற வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“அறுந்துருச்சு!” என்று அண்ணன் கத்தினார்.

“வண்டி அரிசி மில்லைத் தாண்டிருச்சு! கேனைத் தூக்குங்க!” என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள் பவதாரிணி.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் கத்தலுக்குப் பயந்து கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் விலக்கை அடைந்தபோது வண்டி அப்போதுதான் வந்து நின்றது.

திரும்பி வந்ததும் பவதாரிணி எல்லாவற்றையும் சொன்னாள். செல்வக்குமார் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “மாமா, போன் ஆபீசுல ஏதோ ஏற்பாடு பண்ணுனேன்னு சொன்னீங்களே, கால் வெயிட்டிங்கா?”

“ஆமா, அதுதான். ஒருத்தர் பேசிக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தர் கூப்பிட்டா, பேசுறவர் காதுல ‘டிக்’னு கேக்குமாம்.”

“இங்க பேசிக்கிட்டிருந்தது கம்ப்யூட்டர் மாமா! அந்த ‘டிக்’ அதோட காதுலதான் விழுந்திருக்கு. அது குழம்பிப்போய் லைனை விட்டுருச்சு. அழகுபாண்டிக்கு மணி போற மாதிரியே கேட்டிருக்கு. நமக்கு ஒண்ணும் கேக்கலை.”

உடனே புதுச் சண்டை ஆரம்பித்தது. “அப்பக் கம்ப்யூட்டரைக் கழட்டு!” என்றார் மாமா. “நீங்க கால் வெயிட்டிங்கைக் கழட்டுங்க!” என்றார் அண்ணன். “கழட்டினா வண்டி வாரது எப்படித் தெரியும்? உங்கப்பனா வந்து சொல்வாரு?” என்று ஒருவர் எகிறினார்.

டங்! பவதாரிணி ஒரு காலிக் கேனை ஓங்கித் தட்டினாள்.

“எதையும் கழட்ட வேணாம்! லைன் அறுந்தா வண்டி வருதுன்னு அர்த்தம். அதுதான் நம்ம மணி. நான் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கேன், அறுந்ததும் கத்துறேன். கம்ப்யூட்டர் ஓடாதப்ப போனே மணியடிக்கும்.”

“எழுதினது போயிருமே?” என்றார் அண்ணன்.

“லைன் போடாமலே எழுதி வச்சுக்குவோம். அறுந்தா, கேன் போன பெறகு மறுபடி லைன் போட்டு அனுப்புவோம். என்ன குறைஞ்சுபோகும்?”

செல்வக்குமார் அண்ணன் மெல்ல, “நாளைக்குப் பசங்களை வர வேணாம்னு சொல்லிர்றேன்” என்றார்.

எல்லாருக்கும் திருப்தி. பவதாரிணிக்கு மட்டும் காது இன்னும் சிவந்தே இருந்தது.

“மாமா, நான் தொடலைன்னு நீங்க இன்னும் சொல்லலை.”

சிவனாண்டி மாமா துண்டை எடுத்து உதறினார். கூரையைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது.

“சரித்தா. நீ தொடலை. நான்தான் அவசரப்பட்டு வஞ்சுட்டேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் பவதாரிணி நாற்காலியில் இருந்தாள். ‘பதில்: நிழல். லைனை அறுத்தது நான் இல்லை. முடிந்தால் அடுத்த விடுகதையைப் போடு, பார்ப்போம்’ என்று தங்கப்பொண்ணுக்கு எழுதி வைத்துவிட்டு லைன் போட்டாள். அனுப்பப் போகும் நேரத்தில் தூரத்தில் ரயில் ‘பாம்ம்ம்’ என்றது. லைன் பட்டென்று அறுந்தது.

“அறுந்துருச்சு!” என்று அவள் கத்தியதும் பால்காரர்கள் சந்தோஷமாக எழுந்தார்கள். அம்மாவின் கேனுக்கு ஒரு கை கொடுக்க பவதாரிணியும் எழுந்தாள். எழுந்தவள், நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ போயிட்டு வாத்தா” என்றார் சிவனாண்டி மாமா, நாற்காலிக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றுகொண்டு. “நீ வாரவரைக்கும் எவனும் இதைத் தொட மாட்டான்.”